மெய்மையும் வாய்மையும்: தொலைக்காட்சி அறிவியல் புனைகதைகளில் விண்கலமும் கற்பனை இயற்பியலும்

முன்னுரை

விண்கலங்களைப் பற்றியும் ஒளியை முந்திச் செல்லும் பொறிகளைப் பற்றியும் வரும் தொலைக்காட்சித் தொடர்கள், இறையியல் இதழொன்றில் ஆராயத்தக்க பொருளோ என வாசகர் சிலர் ஐயுறலாம். நமக்கும் அவ்வையம் இருந்ததுண்டு. வகுப்பறையில் மாணவர் ஒருவர் எழுப்பிய வினா அதனை நீக்கிற்று. "ஐயா, ஒளியை முந்திச் செல்லும் கலம் பொய். ஆளைத் துகளாக்கி வேறிடத்திற் சேர்க்கும் பொறியும் பொய். அப்படியானால் அக்கதைக்குள் ஒருவர் பிறருக்காகத் தம் உயிரைக் கொடுப்பது மட்டும் எப்படி மெய்யாகும்?" என அவர் கேட்டார். அன்று அவருக்குத் தெளிவான விடை கூற நம்மால் இயலவில்லை. இக்கட்டுரை காலந்தாழ்த்தி வரும் விடை எனக் கொள்ளலாம்.

உள்ளத்தோடு இயைந்தது உண்மை, சொல்லோடு இயைந்தது வாய்மை, உடலோடு இயைந்தது மெய்மை என நம் முன்னோர் மூன்றனையும் பிரித்துரைத்தனர். இப்பகுப்பு நமக்கு இங்குப் பெரிதும் பயன்படுகிறது. புனைகதையின் இயற்பியலிடம் மெய்மையை எதிர்பார்ப்பது பொருந்தாது. ஆனால் வாய்மையை எதிர்பார்க்கலாம். தன் உலகில் இன்னது இயலும், இன்னது இயலாது எனக் கதை ஒருமுறை சொல்லிவிட்டால், அச்சொல்லை அது காத்தல் வேண்டும். சொல் காக்கப்படும் இடத்தில்தான் கதைமாந்தரின் துன்பத்துக்கும் தெரிவுக்கும் எடை உண்டாகிறது. இக்கருத்தைச் சில தொடர்களைக் கொண்டு ஆராய்வோம்.

1. கலத்தின் வடிவும் கதையின் வாக்கும்

1966 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் எண்டர்பிரைஸ் என்னும் கலத்தை வடிவமைத்தவர் மாட் ஜெஃப்ரீஸ். இவர் இரண்டாம் உலகப்போரில் விமானப்பணி ஆற்றியவர்; விமானங்களை நன்கறிந்தவர். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அவருக்கு இட்ட கட்டளைகளுட் பல எதிர்மறையானவை: இறக்கைகள் வேண்டா, வால் வேண்டா, நெருப்பும் புகையும் கக்கும் ராக்கெட் வேண்டா. ஆகவே ஜெஃப்ரீஸ் பழைய விண்வெளிக் கதைகளின் படங்களையெல்லாம் திரட்டி, தாம் செய்யலாகாதவை இவை என ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

அவருடைய சிந்தனை பொறியாளனின் சிந்தனை. இத்துணை ஆற்றலுள்ள பொறிகள் மனிதர் வாழும் பகுதிக்கு அருகில் இருத்தல் தகாது எனக் கருதி, அவற்றை நீண்ட தாங்கிகளின் முனையில், உடற்பகுதியினின்று தள்ளி அமைத்தார். வெற்றிடத்தில் வெளியே சென்று பழுதுபார்ப்பது இடர்மிக்கது எனக் கருதி, கருவிகளையெல்லாம் உள்ளே வைத்து, வெளிப்பரப்பை வழவழப்பாக விட்டார். அப்பொறிகள் எவ்விதியால் இயங்குகின்றன என்பது எவருக்கும் தெரியாது. ஆயினும் அவை அஞ்சத்தக்கவை என்பதைக் கலத்தின் வடிவமே நமக்கு உணர்த்திவிடுகிறது. பார்வையாளருக்குச் சொல்லின்றிக் கொடுக்கப்பட்ட ஒரு வாக்கு என இதனைக் கூறலாம். படப்பிடிப்புக்குப் பயன்பட்ட 11 அடி நீள மாதிரிக் கலம் இன்று வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விண்வெளி அருங்காட்சியகத்தில், மெய்யாகவே பறந்த கலங்களின் நடுவே வைக்கப்பட்டிருக்கிறது.

அத்தொடரின் மற்றொரு புகழ்பெற்ற பொறி, ஆளைத் துகளாக்கி அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர். இது பிறந்தது அறிவியலில் அன்று, கணக்கேட்டில். வாரந்தோறும் பெருங்கலமொன்று புதுப்புதுக் கோள்களில் இறங்குவதைப் படமாக்கப் பணம் போதாது. சிறுகலத்தின் மாதிரியும் உரிய காலத்தில் ஆயத்தமாகவில்லை. ஆதலால் ஒளிமின்னலொன்றில் ஆள் மறைந்து வேறிடத்தில் தோன்றுவதாக வைத்தனர். துகள் ஒன்றின் இடத்தையும் வேகத்தையும் ஒருங்கே துல்லியமாக அறிய இயலாது என்னும் ஹைசன்பர்க்கின் கோட்பாடு இதற்குத் தடையாயிற்றே என அறிஞர் கேட்டபோது, பிற்காலத் தொடர்கள் 'ஹைசன்பர்க் ஈடுசெய்யி' என்னும் ஒரு கருவியைப் பெயரளவில் சேர்த்துக்கொண்டன. அஃது எவ்வாறு இயங்குகிறது எனக் கேட்கப்பட்டபோது, தொடரின் கலைஞர் மைக்கேல் ஒகுடா, "மிக நன்றாக இயங்குகிறது, நன்றி" என விடையிறுத்தார். இவ்விடையில் நகைச்சுவையோடு நேர்மையும் உண்டு. கதைக்கு அப்பொறி வேண்டும். விளக்கம் இல்லை என்பதை அது மறைக்கவில்லை.

1994இல் மெக்சிகோ நாட்டு இயற்பியலர் மிகெல் அல்குபியர், அத்தொடரின் 'வார்ப்' என்னும் சொல்லையே தலைப்பிற் கொண்டு, பொதுச் சார்பியலின் சமன்பாடுகளுக்குள் ஒளியை முந்தும் பயணம் அமையுமா என ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு எதிர்மறை ஆற்றல் தேவைப்படுகிறது என்பதும் அக்கட்டுரையிலேயே புலனாயிற்று. கதை அறிவியலைத் தூண்டியது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் கதையின் மதிப்பு, அறிஞர் பின்னர் அதனை மெய்ப்பிப்பதைப் பொறுத்ததன்று. வேறெதனைப் பொறுத்தது என்பதே நம் வினா.

2. எடையும் எரிபொருளும்

1967 ஜனவரியில் ஒளிபரப்பான 'கலிலியோ ஏழு' என்னும் பகுதியை எடுத்துக்கொள்வோம். எழுவர் ஏறிய சிறுகலமொன்று அறியாத கோளில் விழுந்து விடுகிறது. எரிபொருள் கசிந்து போயிற்று. மூவரின் எடையை விட்டுச் சென்றாலன்றிக் கலம் மேலெழாது எனக் கணக்குக் காட்டுகிறது. தலைமையேற்றிருக்கும் ஸ்பாக் என்பவர் அம்மூவரைத் தாமே தெரிந்துகொள்வதாகக் கூறுகிறார். உடனிருப்போர் அவரை வெறுக்கின்றனர். ஈற்றில், கைத்துப்பாக்கிகளின் ஆற்றலைக்கொண்டு கலம் எப்படியோ மேலெழுகிறது. ஆனால் சுற்றுப்பாதையில் நெடுநேரம் நிலைத்திருக்கப் போதிய எரிபொருள் இல்லை. அப்போது ஸ்பாக், எஞ்சிய எரிபொருள் முழுவதையும் வெளியே சிந்தித் தீயிட்டுவிடுகிறார். எவரேனும் காண்பர் என்னும் உறுதியன்று, காணக்கூடும் என்னும் நம்பிக்கை மட்டுமே அதற்குக் காரணம்.

இப்பகுதியில் எரிபொருள் கற்பனை, துப்பாக்கி கற்பனை, கோளும் கற்பனை. எனினும் எடை எடையாகவே நிற்கிறது. தீர்ந்தது தீர்ந்ததாகவே இருக்கிறது. கதையின் நெஞ்சத் துடிப்பு இக்கணக்கிலேயே அமைந்திருக்கிறது. கணக்கு விட்டுக்கொடாததனால் மனிதன் தன் உள்ளத்தைத் திறக்க வேண்டியவனாகிறான். தருக்கத்தையே பற்றி நின்ற ஒருவர் தருக்கத்துக்கு அப்பாற்பட்ட செயலொன்றைச் செய்ததை நாம் நம்புகிறோம். எரிபொருளை முதலிலிருந்து எண்ணி வந்தோம். ஆகவே அவர் எதைக் கொடுத்தார் என்பதை அறிவோம்.

நம் மாணவரின் வினாவுக்கு விடையின் முதற்பாதி இங்குக் கிடைக்கிறது. தியாகம் மெய்யாகத் தோன்றுவதற்குக் கலம் மெய்யாயிருக்க வேண்டியதில்லை. இழப்பு இழப்பாகவே நின்றாற் போதும்.

3. மறக்கப்பட்ட விதிகள்

இனி, சொல் தவறிய இடங்களைக் காண்போம். 1987 முதல் 1994 வரை வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' பல வகையிலும் உயர்ந்த தொடர். எனினும் அதன் எழுத்தாளர் பின்பற்றிய வழக்கமொன்றை, அவர்களுள் ஒருவராகிய ரொனால்ட் மூர் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். உரையாடலில் அறிவியற் சொல் வேண்டிய இடங்களில் 'டெக்' என்னும் ஒரு சொல்லை மட்டும் எழுதி விடுவராம். அறிவியல் ஆலோசகர் பின்னர் அவ்விடங்களை நிரப்புவாராம். இடர் எத்தகையதென்று அறியாமலே இடரை எழுதுவதும், தீர்வு எத்தகையதென்று அறியாமலே தீர்வை எழுதுவதும் இதனால் இயல்வதாயிற்று. ஐந்து நிமிடம் எஞ்சியிருக்கையில் ஒருவர் புதுச்சொல் ஒன்றைக் கூறுவார், கலம் பிழைக்கும். இவ்வகைத் தீர்வு எவரிடமும் எதனையும் கேட்பதில்லை.

1993 நவம்பரில் வெளிவந்த 'இயற்கையின் ஆற்றல்' என்னும் பகுதி இத்தொடரின் மனச்சான்றைத் தொட்டது எனலாம். வார்ப் பொறிகளை ஓயாது பயன்படுத்துவதால் வெளியே சிதைகிறது. எங்கள் கோள் அழியும் என உடன்பிறந்தார் இருவர் எச்சரிக்கின்றனர். எவரும் உடனே செவிகொடுக்கவில்லை. தமக்கு ஆராய்ச்சிக்குழு வரும், ஆண்டுகள் செல்லும் என்று கூறப்பட்டபோது, அவருள் சகோதரியாகிய செரோவா தம் கலத்தின் பொறியைத் தாமே வெடிக்கச் செய்து, தம் உயிரைக் கொடுத்துத் தம் கூற்றை மெய்ப்பிக்கிறார். வெளியில் பிளவு தோன்றுகிறது. பகுதியின் ஈற்றில், இனி இன்றியமையா நேரத்திலன்றி எக்கலமும் வார்ப் ஐந்துக்கு மேல் செல்லலாகாது என ஆணை பிறக்கிறது.

பின்னர் நிகழ்ந்தது யாது? அடுத்த சில பகுதிகளில், வரம்பு மீற அனுமதி பெற்றோம் என ஓரிரு வாக்கியங்கள் வந்தன. அதன்பின் அவ்வாணை திரையினின்றே மறைந்தது. விரைவுக்கு வரம்பு கதைக்கு இடையூறாயிற்று. ஆகவே வரம்பு மறக்கப்பட்டது. அறிவியற் பிழை என்று இதனைக் குறைகூறுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அது கதைக்குள் இறந்த ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி. அவர் சாவின் பொருள் முழுவதும் அவ்வாணையில் அடங்கியிருந்தது. ஆணையை மறந்தவர் அவரையும் மறந்தவராவர்.

1995இல் தொடங்கிய 'வாயேஜர்' தொடரில் இக்குறை இன்னும் விரிவாகத் தென்படுகிறது. அதன் தொடக்கம் அரியது. ஒற்றைக் கலம், தாயகத்தினின்று 70,000 ஒளியாண்டுத் தொலைவில், உச்ச விரைவில் சென்றாலும் 75 ஆண்டுப் பயணம், உதவுவார் எவருமில்லை. முதலாண்டிலேயே, கலத்தில் 38 ஏவுகணைகளே உள்ளன, செலவானால் மீண்டும் பெற வழியில்லை என உரைக்கப்பட்டது. ஆனால் ஏழாண்டில் ஏவப்பட்டவற்றை எண்ணிப் பார்த்தோர் அத்தொகை 38ஐப் பன்மடங்கு கடந்ததைக் கண்டனர். போரில் சிதைந்த கலம் அடுத்த வாரம் புதுக்கலமாய்ப் பொலிந்தது. தொலைந்த சிறுகலங்கள் மீண்டும் மீண்டும் தோன்றின.

1997இல் வந்த 'நரகத்தின் ஆண்டு' என்னும் இருபகுதிக் கதை, இத்தொடர் எத்தகையதாய் இருந்திருக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது. அதில் கலம் நாள்தோறும் உடைகிறது. உடைந்தது உடைந்தே கிடக்கிறது. கண்ணிழந்தவர் கண்ணிழந்தவராகவே பணிபுரிகிறார். தலைவி தம் கலத்தைப் பகைக்கலத்தின்மேல் மோதி உயிர்விடுகிறார். உடனே காலம் பின்சென்று, நிகழ்ந்தவை யாவும் நிகழாதவையாகின்றன. எவர்க்கும் எதுவும் நினைவில்லை. இக்கதையை மாணவரோடு அமர்ந்து கண்டபோது, கலம் மோதிய கணத்தில் அறையில் நிலவிய அமைதியும், அடுத்த கணத்தில் எழுந்த சலிப்பான நகைப்பும் நமக்கு நினைவிருக்கின்றன. அவர்தம் கண்ணீரைப் பெற்றுக்கொண்டு, கதை அதற்குரிய விலையைக் கொடாமற் போயிற்று.

எனினும் நடுநிலை பிறழாது ஒன்று கூறவேண்டும். அக்காலத்து ஒளிபரப்பு முறையில், பகுதிகள் எவ்வரிசையிலும் மறுஒளிபரப்பாகக் கூடும். ஆதலால் வார இறுதியில் யாவும் தொடங்கிய இடத்துக்கே திரும்புதல் வேண்டும் என்னும் நெருக்குதல் எழுத்தாளர்மேல் இருந்தது. குறை அவர்தம் திறமையில் மட்டும் இல்லை. அவர் பணிபுரிந்த அமைப்பிலும் இருந்தது.

4. சொல் காத்த தொடர்கள்

மேற்கூறிய ரொனால்ட் மூர் 1999இல் வாயேஜரில் சிறிது காலம் பணியாற்றி விலகினார். 2003இல் அவர் புதுக்கி அளித்த 'பாட்டில்ஸ்டார் கலாக்டிகா', அத்தொடருக்கு அவர் கூறிய மறுமொழி போன்றே அமைந்தது. அங்கும் ஒற்றைப் போர்க்கலம்; பின்னே அடைக்கலம் தேடும் மக்கள் கூட்டம். கலம் பழையது, அதன் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை, தொலைபேசிகள் கம்பி பூண்டவை. பகைவர் கணினி வலைப்பின்னல் வழியே புகுந்து அழிப்பர் என்பதே அதற்குக் காரணம். அக்கம்பியொன்றே அவ்வுலகின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

தொடரின் முதற்பகுதியின் பெயர் '33'. முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பகைவர் தோன்றுகின்றனர். அதற்குள் கலங்களனைத்தும் ஒளியை முந்திய தாவலொன்றைச் செய்தாக வேண்டும். ஐந்து நாளுக்கும் மேலாக எவரும் உறங்கவில்லை. தாவல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தொடர் ஒருபோதும் விளக்கவில்லை. ஆனால் அதற்கு ஆயத்தம் வேண்டும், கணக்கு வேண்டும், உறங்காத மனிதரின் கை வேண்டும் என்பவற்றை ஒருகாலும் மறக்கவில்லை. 1,345 பேர் ஏறிய கலமொன்றைப் பகைவரின் கருவி என ஐயுற்று, தாமே சுட்டழிக்கும் கொடிய தெரிவு, அவ்விதியின் இறுக்கத்திலிருந்தே பிறக்கிறது. அன்றியும், இக்கலம் பெற்ற காயங்கள் ஆறுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் எலும்புக்கூட்டில் விரிசல் விழுகிறது. 2009இல், இறுதித் தாவலில், அதன் முதுகு முறிகிறது.

கற்பனை விதியைக் காத்ததற்கு இஃது எடுத்துக்காட்டாயின், மெய்யான இயற்பியலையே விதியாக ஏற்றதற்கு 2015 முதல் 2022 வரை வெளிவந்த 'தி எக்ஸ்பான்ஸ்' எடுத்துக்காட்டு. இதனை வழிநடத்திய நரேன் சங்கர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். முன்னர் நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரில் அறிவியல் ஆலோசகராயிருந்தவர். பிறர் விட்ட இடைவெளியைச் சொற்களால் நிரப்பும் பணியை அறிந்தவர், இடைவெளியே இல்லாத தொடரொன்றை உருவாக்க முற்பட்டது கருதத்தக்கது.

இங்குச் செயற்கை ஈர்ப்பு இல்லை. பொறி உந்தும்போது மட்டுமே கால் தரையில் நிற்கும். ஆகவே கலத்தின் தளங்கள் கப்பலில் உள்ளவை போல் நீளவாட்டில் அமையாமல், மாடிக்கட்டடம் போல் பொறிக்கு மேல் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டுள்ளன. பாதிவழியில் கலம் முகம் திருப்பி, எதிர்த்திசையில் உந்தி வேகம் குறைக்கிறது. மிகு முடுக்கத்தில் உடல் நொறுங்காதிருக்க ஊசிமருந்து ஏற்றப்படுகிறது. கோள்களுக்கிடையே விரைந்து செல்ல உதவும் அப்பொறியைக் கண்டுபிடித்தவராகக் கதை கூறும் சாலமன் எப்ஸ்டீனின் முடிவை 2017இல் ஒரு பகுதி காட்டுகிறது. எதிர்பாராத முடுக்கம் அவரை இருக்கையோடு அழுத்துகிறது. பொறியை நிறுத்தக் கை எட்டவில்லை. தம் வெற்றியை உணர்ந்தவாறே அவர் இறக்கிறார்.

இவ்விதி சமுதாய நீதியையும் தொடுகிறது. சிறுகோள்களில் பிறந்து குறைந்த ஈர்ப்பில் வளர்ந்தோரின் எலும்பு மெலிந்து நீள்கிறது; பூமியின் ஈர்ப்பை அவர் தாங்கார். முதற்பகுதியிலேயே, அத்தகைய ஒருவரைப் பூமியில் கொக்கிகளில் தொங்கவிட்டு விசாரிக்கின்றனர். வேறு கருவி தேவையில்லை. நாம் நாள்தோறும் உணராது சுமக்கும் ஈர்ப்பே அவருக்குச் சித்திரவதையாகிறது. வலியோருக்குச் சுமையாகத் தோன்றாத ஒன்று எளியோரை நசுக்கக்கூடும் என்பதை, இயற்பியலின் வாயிலாக இத்துணைத் தெளிவாகக் கூறிய கதையை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

2021இல் முடிந்த ஐந்தாம் பருவத்தில், கலவோட்டியாகிய அலெக்ஸ், தோழியொருத்தியை மீட்க உடல் தாங்காத முடுக்கத்தில் விரைந்து, மூளைத் தாக்குற்று இறக்கிறார். மூலநாவலில் இவ்வகைச் சாவு வேறொரு பாத்திரத்துக்கு நேர்ந்தது. நடிகர் தொடரை விட்டு நீங்கிய புறக்காரணத்தால் இங்கு மாற்றப்பட்டது. எனினும் பார்வையாளர் அதனை ஏற்றனர். இம்முடுக்கம் கொல்லும் எனத் தொடர் முதலாண்டு முதற்கொண்டே நமக்குச் சொல்லி வந்தது, சொன்னதைச் செய்தது.

5. விதியும் வியப்பும்

விதியை இவ்வாறு வற்புறுத்தினால், விதிக்கு மேற்பட்ட ஒன்றுக்குக் கதையில் இடமில்லாமற் போகுமே என நம் வாசகர் வினவலாம். உண்மை இதற்கு மாறானது. எக்ஸ்பான்ஸ் தொடரின் இரண்டாம் பருவத்தில், மோதி வரும் பெருங்கலமொன்றிலிருந்து ஈராஸ் என்னும் சிறுகோள் விலகி நகர்கிறது. நெருப்பில்லை, உந்தும் பொறியில்லை. அதன்மேல் நிற்போர் அசைவையும் உணரவில்லை. வேறு தொடரில் இக்காட்சி எவரையும் வியப்பில் ஆழ்த்தாது. இங்கோ, கண்டோர் பேச்சிழக்கின்றனர், நாமும் அவ்வாறே. பத்துக்கு மேற்பட்ட பகுதிகளில் எப்பொருளும் உந்துதலின்றி அசையக் கண்டிலோம். ஆகவே இவ்வசைவு வியப்பு. ஒழுங்கு உறுதியாய் நிற்கும் உலகில்தான் அற்புதம் அற்புதமாக அறியப்படும். எல்லாம் இயலும் என்னும் உலகில் வியத்தற்கு ஒன்றுமில்லை. இது நம் வாசகர் நன்கறிந்த பொருளாதலின் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதே அளவுகோலை நமக்கு உவப்பான இடத்திலும் வைத்துப் பார்க்கவேண்டும். கலாக்டிகா தொடரின் இறுதிப்பகுதி, நிகழ்ந்தவற்றுட் பலவற்றை இறைவனின் செயல் என விளக்கியது. அதனை வரவேற்றோரும் உளர். எளிய வழி எனப் பழித்தோரும் உளர். தொடக்கமுதலே இறைவாக்கும் தரிசனமும் அத்தொடரில் இடம்பெற்றிருந்தன என்பது முன்னவர் கூற்றுக்கு வலிமை. ஆயினும், ஆண்டுக்கணக்கில் அறிவோடு தொடுத்த புதிர்கள் ஒரு சொல்லால் அவிழ்க்கப்பட்டன என்னும் பின்னவர் குறையையும் நாம் தள்ளிவிட இயலாது. இறைவனின் பெயர் கூறப்பட்டது என்பதனாலேயே, எழுத்தாளர் செய்யாது விட்ட வேலை செய்ததாகிவிடாது.

முடிவுரை

நம் மாணவரின் வினாவுக்குத் திரும்புவோம். பொய்யான கலத்துக்குள் நிகழும் தியாகம் எப்படி மெய்யாகும்? கதை தன் சொல்லைக் காத்தால் ஆகும் என்பதே நம் விடை. கலிலியோவின் எரிபொருள் எங்கும் இல்லாத பொருள். ஆயினும் அது தீர்ந்தபோது கதை அதனைத் திரும்பக் கொடுக்கவில்லை. செரோவாவின் வெடிப்பும் அதுபோன்ற கற்பனையே. ஆனால் அவர் பெற்றுத் தந்த ஆணையைக் கதை கைவிட்டது. முன்னதில் இழப்புக்குப் பொருளுண்டு; பின்னதில் பொருள் பறிக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இயற்பியல் நூல் காட்டாது. சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள உறவே காட்டும்.

நாமும் வாரந்தோறும் மக்கள்முன் நின்று கதை சொல்வோர். நோயுற்றோரையும் துயருற்றோரையும் எடுத்துக்காட்டாகக் கூறி, உரை முடியுமுன் யாவும் நலமாயிற்று எனச் சொல்லும் சோதனை நமக்கும் உண்டு. கேட்போருட் சிலர் வீடு திரும்புகையில் அவர்தம் கலம் உடைந்தபடியே இருக்கும். உடைந்ததை உடைந்ததென்று ஒப்புக்கொண்ட பின்னரே நம்பிக்கையைப் பேசவேண்டும் என்னும் ஒழுக்கத்தை, எண்டர்பிரைசும் கலாக்டிகாவும் நமக்குக் கற்பிக்குமாயின், அவற்றைக் கண்ட மாலைப்பொழுதுகள் வீண்போயின எனக் கொள்ளவேண்டுவதில்லை.